வன்னி சுற்ற 18-200 ஒன்றே போதுமாம்!

பனங்காமத்தான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: வன்னி பார்க்க வருகிறவர் 18-200 லென்ஸ் (18 மி.மீ. அகலப் பார்வையிலிருந்து 200 மி.மீ. தூரப் பார்வை வரை இழுக்கிற ஸூம்) ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தால் போதுமாம், மற்றதெல்லாம் வீண் சுமையாம். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 200க்கு இழுத்தால் அது எஃப் 5.6; இந்த எண் கூடக் கூட லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் இரவில் அதை வைத்து எதை எடுப்பது? இருட்டையா?

குளக்கட்டு:
எழுதியவன் நான்தான் அண்ணை, பெயர் சொல்லியே திட்டலாம். இரணைமடுக் குளக்கட்டில் நின்று 18இல் குளம் முழுக்க எடுக்கலாம். அப்படியே திருகினால் 200இல் கொக்கு. உள்ரோட்டுப் புழுதிக்குள் லென்ஸ் கழற்றி மாற்றிப் பாருங்கள், பாதிக் கிரவல் கமராவின் சென்சரில் இருக்கும்.

பனங்காமத்தான்:
புழுதியைக் கேட்கவில்லை, இரவைக் கேட்டேன். எஃப் 2.8இல் 1/60 நொடி ஷட்டர் கிடைக்கிற இடத்தில் 5.6இல் 1/15தான்; அசைகிறவர் மங்கிவிடுவார். கணக்குப் பிடிக்காவிட்டால் விடுங்கள்.

குளக்கட்டு:
லென்ஸில் நடுக்கக் குறைப்பு இருக்கிறதே?

பனங்காமத்தான்:
அது உங்கள் கையை நிறுத்தும். காவடி ஆடுகிறவரை யார் பிடித்து நிறுத்துவது?

முறிகண்டிக்கச்சான்:
பயணம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஏ9 வீதி வழியே ஒரு நாள் ஓட்டமா, பறவை பார்க்கவா, கோயிலா? அதை முதலில் முடிவு பண்ணுங்கோ.

பனங்காமத்தான்:
எதற்குப் போனாலும் இரவு வரும் தம்பி. 5.6.

முறிகண்டிக்கச்சான்:
தம்பி இல்லை, அக்கா.

டொரண்டோ முள்ளியவளை:
நான் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சர்) கமராவில் 24-105 எஃப் 4 கொண்டுவந்தேன். எவ்வளவு ஸூம் செய்தாலும் 4தான். ஒரு குறையும் இல்லை.

குளக்கட்டு:
சுண்டிக்குளத்தில் எடுத்ததாகப் போட்டீர்களே, அந்தப் பூநாரைகளைக் கடுகு என்றல்லவா நினைத்தேன்! 105 எட்டாது அண்ணை. அந்தக் கமராச் செட்டின் விலைக்கு இங்கே பாதி லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வாங்கலாம்.

டொரண்டோ முள்ளியவளை:
வெளிநாட்டுக்காரன் என்றால் உடனே விலைக் கதை. நான் பிறந்ததும் முள்ளியவளைதான்.

பனங்காமத்தான்:
ஊர்ச் சண்டையைப் பிறகு பாருங்கள். 5.6க்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதினைந்து வருடமாகப் பொங்கல் எடுக்கிறேன். 50 எஃப் 1.8 ஒன்று சட்டைப்பைக்குள் அடங்கும். அம்மன் கோயிலில் உப்புநீரில் எரிகிற விளக்கின் வெளிச்சம் முகத்தில் விழுவதை அதில்தான் பிடித்தேன். ப்ளாஷ் அடித்தால் அந்த வடிவே போய்விடும்.

குளக்கட்டு:
அப்போ நீங்கள் லென்ஸ் மாற்றலாம், நாங்கள் மாற்றக் கூடாதா? வற்றாப்பளையில் அத்தனை சனம் மிதிக்கிற மணலில் புழுதி எழும்பாதா?

பனங்காமத்தான்:
நான் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போவேன்.

குளக்கட்டு:
சரி, அப்போ உங்களுக்கும் ஒரே லென்ஸ்தான்! இரண்டு வருடத்துக்கு முன் என் நந்திக்கடல் படத்தைக் காலண்டர் படம் என்றவர்தானே நீங்கள்? அதே 18-200இல் எடுத்தது.

பனங்காமத்தான்:
காலண்டர் படம்தான். பகல் வெளிச்சத்தில் எடுத்தால் யாருக்கும் வரும்.

முறிகண்டிக்கச்சான்:
என் தங்கச்சி அடுத்த கிழமை வருகிறாள். கையில் 18-55 மட்டும். என்ன செய்யச் சொல்ல?

பனங்காமத்தான்:
55இல் அதுவும் 5.6தான் தங்கச்சி.

முறிகண்டிக்கச்சான்:
அக்கா!

பனங்காமத்தான்:
இன்னொன்று குளக்கட்டு. 200, 200 என்கிறீர்களே, அந்த வகை ஸூம் சிலவற்றில் கிட்ட நிற்கிறவரைப் ஃபோகஸ் பண்ணினால் அது 200 கூட இல்லை. போய் அளந்து பாருங்கள்.