ஜெர்மனிக்குப் புதுசா? கரண்ட் பில்லும் ஹாமல்பூர்க் வாத்தியாரும்

கேள்வி: அண்ணா, ஷ்வைன்ஃபுர்ட்ல படிக்க வந்து மூணு வாரம் ஆச்சு. இப்பதான் தனி வீடு கிடைச்சிருக்கு. கரண்ட்டுக்கு யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்? மாட்டுக்கொட்டகை மேல கூட சோலார் போட்டிருக்காங்க, அப்புறம் ஏன் யூனிட் இவ்வளவு விலை?

பதில்: தம்பி, அவசரமானதை முதல்ல சொல்லிடறேன். சாவி வாங்குற அன்னைக்கே கீழ கெல்லர்ல (நிலவறை) உன் வீட்டு மீட்டரைத் தேடிப் பிடிச்சு, நம்பரும் ரீடிங்கும் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கோ. நான் எடுக்கல. முதல் வருஷக் கணக்குல 312 யூரோ கூடுதலா கட்டினேன், முன்னாடி குடியிருந்தவர் எரிச்சதும் அதுல சேர்ந்துதான். எங்கயும் எழுதிக் குடுக்கலைன்னாலும் லைட் எரியும். அந்த ஊர் குருண்ட்ஃபெர்ஸோர்கர், அதாவது வேற கம்பெனி எடுக்காதவங்களுக்கு கரண்ட் குடுக்கிற நிறுவனம், அவங்க கணக்குல நீ தானா சேர்ந்துடுவ. பெரும்பாலும் விலை கூடுன திட்டம் அது. ரெண்டு வாரம் முன்னாடி சொல்லிட்டு மாறிக்கலாம். மாசாமாசம் கட்டுற அப்ஷ்லாக் (முன்பணம்) வெறும் உத்தேசம்தான், மீதியை வருஷக் கடைசியில கேப்பாங்க.

கொட்டகைக் கூரைக்குக் காரணமான ஆள் உனக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஹாமல்பூர்க், உன் ஊர்ல இருந்து நேரா ரயில். ஹான்ஸ்-யோசெஃப் ஃபெல், 1952ல பொறந்தவர், பிசிக்ஸும் விளையாட்டும் சொல்லிக் குடுத்த வாத்தியார், பசுமைக் கட்சி. அந்தப் பக்கம் கிராஃபன்ரைன்ஃபெல்ட் அணு உலை ஓடிட்டிருந்த காலம். (அது 2015ல நின்னுச்சு.)

சோலார் போட்டவன் அந்த மின்சாரத்தை வித்தா அன்னைக்குக் கிடைச்ச காசு போட்ட முதலுக்குக் காணாது. 1993ல ஹாமல்பூர்க் நகர மின் நிறுவனம், கொஞ்ச அளவுக்கு மட்டும், கட்டுபடியாகுற விலை குடுக்க ஆரம்பிச்சது; நகர்மன்றத்துல அதுக்காக நின்னவர் இவர். 1998ல நாடாளுமன்றம் போனதும் அதே கணக்கை நாடு முழுக்கக் கொண்டுபோனார். சோஷியல் டெமாக்ரட் கட்சி ஹெர்மன் ஷேயரும் இன்னும் சிலரும் கூட நின்னாங்க. 2000 ஏப்ரல் 1ல வந்த அந்தச் சட்டம்தான் இஇகே (EEG), புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சட்டம். சோலார் யூனிட்டுக்கு 99 ஃபெனிக் (யூரோவுக்கு முன்னாடி இருந்த சில்லறைக் காசு), 20 வருஷத்துக்கு உத்தரவாதம், மின் கம்பியில ஏத்துறதுல முதல் இடமும் அதுக்கே. வீட்டு மின் கட்டணத்தைப் போல மூணு மடங்குக்கும் மேல! பேங்க் கண்ணை மூடிட்டுக் கடன் குடுத்துச்சு. விவசாயிங்க கொட்டகையைப் பார்த்தாங்க, தெற்குப் பக்கம் சரிஞ்ச கூரை சும்மா கிடந்துச்சு, ஏத்திட்டாங்க. அப்ப மொத்த மின்சாரத்துல புதுப்பிக்கத்தக்கது சுமார் 6 சதவீதம், இன்னைக்குப் பாதிக்கு மேல.

அந்தக் காசு யார் குடுத்தது? பில் கட்டுற நாமதான். இஇகே உம்லாகேன்னு ஒரு வரி, 2017ல யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரைக்கும் போச்சு. மின்சாரத்தைக் குடிக்கிற பெரிய ஆலைகளுக்குச் சலுகை, கூரை இருக்கிறவனுக்கு வருமானம், வாடகைக்காரனுக்கு வரி மட்டும். ஃபெல் மேல மரியாதை உண்டு எனக்கு, ஆனா இதுல கோபமும் உண்டு. 2022 ஜூலையில இருந்து அந்த வரி பூஜ்யம், இப்ப அரசு பட்ஜெட்ல இருந்து போகுது. மத்த வரியும் கம்பிக் கட்டணமும் பில்லுல அப்படியேதான் இருக்கு. ஃபெல் 2013லயே நாடாளுமன்றத்தை விட்டு வந்துட்டார்.

நமக்குன்னு இருக்கிறது பால்கனி சோலார். 800 வாட் இன்வெர்ட்டர் வரைக்கும் பிளக்ல சொருகிக்கலாம், விற்பனை வரி கிடையாது. மார்க்ட்ஷ்டம்டாட்டன்ரெகிஸ்டர்னு அரசோட மின் பதிவேடு இருக்கு, அதுல ஆன்லைன்லயே பதிஞ்சிடு. வீட்டுக்காரர்கிட்ட சம்மதம் கேக்கணும், ஆனா 2024 அக்டோபர்ல இருந்து அவர் தக்க காரணம் இல்லாம மறுக்க முடியாது.

கேள்வி: நன்றி அண்ணா. என் பால்கனி வடக்குப் பார்த்தது, எதிர்ல நாலு மாடி வேற.

பதில்: அப்ப விட்டுடு. துணி காயப் போடு.