அப்பா நிறுத்தி மூன்றாம் நாள்

தம்பி (காலை 6:10): அப்பா சனி இரவோடு குடியை நிறுத்திவிட்டார். சந்தோஷமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் நேற்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் டம்ளர் பல்லில் தட்டுகிறது. வியர்த்து வியர்த்து மூன்று சட்டை மாற்றியாயிற்று.

சித்தி: நல்ல காரியம்பா. இரண்டு நாள் நடுங்கும், அப்புறம் சரியாகிவிடும். மனசை உறுதியாக வைத்துக்கொள்ளச் சொல்.

சின்னக்கா: சித்தி, இது மன உறுதியால் ஆகிற காரியம் இல்லை. நான் வார்டில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மது தருகிற மந்தத்தை ஈடுகட்ட மூளை தன்னை முடுக்கியே வைத்துப் பழகிவிடும். மது சட்டென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். சித்தம் கலங்குவது இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள். அது உயிரையே எடுத்துவிடும். தம்பி, அவருக்கு ஆள் தெரிகிறதா?

தம்பி: என்னைச் சித்தப்பா என்று நினைத்துப் பேசினார். போர்வையில் எறும்பு என்று கிள்ளிக் கிள்ளி எடுக்கிறார். எறும்பே இல்லை. வயதானதால் மறதியோ என்று நினைத்தேன்.

பெரியக்கா: போன வாரம் வரை செய்தித்தாளை வரி விடாமல் படித்தவர்டா. ஒரே இரவில் மறதி வருமா?

சின்னக்கா: வராது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. பிரஷருக்கு அவர் சாப்பிடுகிற மெட்டோப்ரோலால் நாடித் துடிப்பையும் நடுக்கத்தையும் அடக்கிக் காட்டும். உள்ளே இன்னும் மோசமாக இருக்கலாம். கழிப்பறைக்குத் தனியாக விடாதே.

சித்தி: என் தூக்க மாத்திரையில் ஒன்று கொடுக்கட்டுமா?

சின்னக்கா: வேண்டவே வேண்டாம் சித்தி. ஆஸ்பத்திரியில் லோராசிபாம் மாதிரி மூளையை அமைதிப்படுத்தும் மருந்தை அளந்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே கொடுப்பார்கள். 72 வயதில் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

பெரியக்கா: பெரியப்பா இடுப்பு முறிந்து படுத்தபோது மூன்றாம் இரவு டியூபைப் பிடுங்கி எறிந்தார். அவர் குடிப்பார் என்று டாக்டரிடம் நாங்கள் யாருமே சொல்லவில்லை. வெட்கம். இன்றும் உறுத்துகிறது.

சின்னக்கா: இந்த முறை எல்லாவற்றையும் சொல். தினம் எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாக எப்போது. முன்பு நிறுத்தியபோது ஏதாவது ஆனதா?

தம்பி: போன வருடம் வலிப்பு வந்ததாம். சொன்னால் மானம் போகும் என்று அம்மா மறைத்திருக்கிறார். இப்போதுதான் அழுதுகொண்டே சொன்னார்.

சின்னக்கா: அதை முதலில் சொல். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அம்மாவைத் திட்டாதே.

தம்பி (6:41): வண்டி வந்துவிட்டது. அம்மாவும் கூட வருகிறார், தானே சொல்கிறேன் என்கிறார். மாத்திரை டப்பாவையும் அப்பா மிச்சம் வைத்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன்.