மறு: பத்து நிமிடக் கடற்படத்துக்கு ஒரு சொல்

தலவாக்கலையிலிருந்து:

வணக்கம். உயர்தரப் புவியியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'டைமெக்ஸ்' படத்துக்கு மட்டும் இன்னும் தமிழ்ச் சொல் முடிவாகவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஆர்கஸ்' முறையில், உயரத்தில் பொருத்திய கமரா பத்து நிமிடம் கடலைப் பார்க்கும். அத்தனை சட்டகங்களையும் கூட்டி வகுத்து ஒரே படமாக்குவார்கள். அதுதான் டைமெக்ஸ். தனித்தனி அலை மறைந்துவிடும். அலை திரும்பத் திரும்ப உடைகிற இடம் வெள்ளைப் பட்டையாக நிற்கும். அதன் அடியில்தான் மணல் திட்டு. மாதா மாதம் ஒப்பிட்டால் திட்டு நகர்வதும் கரை உள்வாங்குவதும் தெரியும்.

பண்டாரவளை ஐயா, 'சராசரி' பாரசீகத்திலிருந்து வந்தது, நம் கணிதப் பாடநூலிலேயே 'இடை' இருக்கிறது, 'இடைப்படம்' என்போம் என்றீர்கள். இடைச்சொல், இடையியல் என்று நீங்கள் எழுதிய நான்கு மடல்களையும் ஆசையோடு படித்தேன். நேற்று 'இடைப்படம்' என்றே கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பிள்ளை கேட்டாள்: "எதுக்கு இடையில, சேர்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அப்புறம், ஷட்டரைத் திறந்தே வைத்து எடுத்த சென் கிளயர் அருவிப் படத்தைக் காட்டினேன். "தண்ணி வெள்ளைச் சீலை மாதிரி இருக்கு" என்றார்கள். கடலும் அப்படித்தான் என்றதும் பிடிபட்டுவிட்டது. பாதிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. ஆனால் பறித்த தேயிலையில் சராசரிக் கொழுந்து எவ்வளவு என்ற பேச்சு தோட்டத்து லய வீடுகளில் கேட்பதுதான். 'சராசரிப்படம்' போதும் என்பதே என் முடிவு.

ஹட்டனிலிருந்து:

எனக்கும் சராசரிப்படம் சரி. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்த 'நேர வெளிப்பாட்டுப் படம்' மட்டும் வேண்டாம், வாயில் நுழையாது. கையேட்டில் வரும் 'கடலரிப்பு'க்கு விளக்கமே தேவையில்லை. கான் (வடிகால்) உடைந்து தேயிலை அடிமண் கழுவிப்போவதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

பண்டாரவளையிலிருந்து:

எல்லோரும் அப்படியென்றால் அச்சுக்குப் போகட்டும். ஆனால் தம்பி, அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையில் என்று சொல்லுங்கள். கணித வகுப்பில் இடை, உங்கள் வகுப்பில் சராசரி என்றால் இரண்டும் வேறென்று நினைக்கமாட்டாளா? நான் இடைப்படத்தை விடுவதாக இல்லை.

அடுத்த அத்தியாயத்தில் 'டைம்ஸ்டாக்' வருகிறதே. கரைக்குக் குறுக்கே ஒரே கோட்டை நொடிக்கு நொடி எடுத்து அடுக்குவது. அடுக்குத்தொடர் நினைவுக்கு வருகிறதா? இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.