"இது எங்க ஆளுங்க காணி"ன்னு சொன்னா என்ன பதில் சொல்றது?

லயத்துப் பொடியன்:
நேத்து கண்டியில இருந்து நுவரெலியா பஸ்ல பக்கத்து சீட் சிங்கள ஐயா ஒருத்தர் நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாரு, ரம்பொட தாண்டுறப்ப தேயில மலைய காட்டி "இதெல்லாம் எங்க ஆளுங்க காணி, வெள்ளக்காரன் புடுங்கிட்டு உங்கள கொண்டாந்து விட்டான்"னாரு. கோவமே இல்லாம சொன்னாரு, அதான் ஒரு மாதிரியா போச்சு. எங்க தாத்தாவே இங்க பொறந்தவரு. அவரு சொன்னது உண்மையா?

பெரட்டுக்களம்:
பாதி உண்மை தம்பி. 1840ல 12ஆம் இலக்கச் சட்டம்னு ஒண்ணு, காடு, தரிசு எல்லாம் அரசாங்கத்துக்குன்னுட்டான். காட்ட வெட்டி எரிச்சு சேனை போட்டு மாடு மேச்ச மேட்டுக் காணிக்கு கண்டிச் சனம் உறுதிப் பத்திரத்துக்கு எங்க போகும்? அதத்தான் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு கோப்பித் தோட்டத்துக்கு வித்தான், வாங்குனதுல வெள்ளக்கார உத்தியோகத்தருங்களும் சேத்தி. நம்மாளுங்களுக்கு அதுல ஒரு பேர்ச் கெடச்சுதா? இந்தியாவுல இருந்து கடனோட வந்து, ஆள் சேத்து வேல வாங்குற கங்காணிகிட்ட மாட்டி, கடன கட்டுனாத்தான் விடலாம்னு எழுதுன துண்டு இல்லாம அடுத்த தோட்டத்துக்குக் கூட போக முடியாது, 1921 வரைக்கும். அப்புறம் 1948ல பிரஜாவுரிமையும் போச்சு. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு பங்கு போட்டாங்க. எங்க அப்பத்தா கூடப்பொறந்தவங்க கோத்தகிரிக்கு போனாங்க, அங்க அவங்க "சிலோன்காரங்க"!

வாகரைக்காரி:
ரெண்டு பேரும் இந்த நாட்டு ஆதிக்குடி வேடர மறந்துட்டீங்களே. நான் மஹியங்கனைப் பக்கம் ரெண்டு வருஷம் வேலை செஞ்சன், வேடர் இருக்கிற தம்பானைக்கும் போயிருக்கன். 1983ல மாதுறு ஓயா தேசியப் பூங்கான்னு அறிவிச்சதோட அவங்கட வேட்டைக் காடு, தேன் எடுக்கிற மரம் எல்லாம் வேலிக்கு அங்கால போயிட்டு, உள்ள போனா கேஸ். அத செஞ்சது வெள்ளக்காரன் இல்ல, அவன் போய் 35 வருஷம். எங்கட ஊர்ப் பக்கம் இருக்கிற வேடர் தமிழ்தான் பேசுறாங்க, அவங்கள எந்தக் கணக்குல போடுவீங்க?

கோடி லயம்:
அப்ப வேடர தவிர எல்லாருமே வாடகைக்கு 😄

லயத்துப் பொடியன்:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. என் பேர்த் சர்ட்டிபிகேட்டுல இனம் "இந்தியத் தமிழர்", நான் பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல. அந்த ஐயா எறங்கும்போது ரெண்டு பேரிக்கா குடுத்துட்டுப் போனாரு. திரும்ப பாத்தா 1840 கதைய அவருக்கு சிங்களத்துல சொல்லிருவேன், அந்த "துண்டு"க்கு மட்டும் சிங்களத்துல என்ன சொல்றது, யாருக்காவது தெரியுமா?