சாதியாத் தீவின் அருங்காட்சியகங்கள்: மொத்தமாகத் திட்டமிட்டது சரியா?

கேள்வி: நகரமைப்பு மாணவி

அபுதாபியின் சாதியாத் தீவில் லூவர், குக்கன்ஹைம், சயீத் தேசிய அருங்காட்சியகம் ஆகியவற்றை அருகருகே அமைக்கும் திட்டம் 2006, 2007 ஆண்டுகளிலேயே உருப்பெற்றுவிட்டது. ஆயினும் லூவர் 2017 நவம்பரிலும் சயீத் அருங்காட்சியகம் 2025 டிசம்பரிலும்தான் திறக்கப்பட்டன. அப்போதும் குக்கன்ஹைமின் கட்டுமானப் பணி முடிந்திருக்கவில்லை. இவற்றை ஒவ்வொன்றாக வளரவிட்டிருக்கலாம் அல்லவா?

மறுமொழி: வரலாற்று ஆர்வலர்

பெர்லினின் அருங்காட்சியகத் தீவு அப்படி வளர்ந்ததுதான். முதல் கட்டடம் 1830 இலும் ஐந்தாவது 1930 இலும் திறக்கப்பட்டன. முதல் கட்டடத்தில் இடம் போதாமல் போனதால்தான் இரண்டாவதைக் கட்டினார்கள். ஆனால் அங்கும் திட்டம் இல்லாமல் இல்லை: அந்த நிலப்பகுதி கலைக்கும் அறிவியலுக்கும் உரியது என்று பிரஷ்ய அரசர் 1841 இலேயே ஒதுக்கிவிட்டார். நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, சேகரிப்பு பெருகப் பெருகக் கட்டுவது ஒரு வழி. சாதியாத்தில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களும் பெயர்களும் முதலில் வந்தார்கள், சேகரிப்பு பின்னால் வந்தது. 2007 ஒப்பந்தப்படி, பாரிஸ் அருங்காட்சியகத்தின் லூவர் என்னும் பெயரே 30 ஆண்டுகளுக்குப் பெறப்பட்டது. பிரெஞ்சு அருங்காட்சியகங்கள் கலைப்பொருள்களை இரவலாகத் தந்துவர, சொந்தச் சேகரிப்பு மெல்லச் சேர்க்கப்பட்டது.

மறுமொழி: வளைகுடாவில் வசிப்பவர்

பெர்லினின் வெயில் வேறு, இங்குள்ள வெயில் வேறு. பாலம், மின்சாரம், குளிரூட்டல் ஆகியவற்றை மொத்தமாகத் திட்டமிடாமல் இங்கே எதையும் கட்ட இயலாது. ஜான் நூவேல் வடிவமைத்த லூவர் கூரையைப் பாருங்கள்: 180 மீட்டர் விட்டமும் எட்டு அடுக்குகளும் கொண்ட அந்தக் குவிமாடத்தின் 7,850 நட்சத்திர வடிவங்களின் ஊடாக வெளிச்சம் சிதறி விழுவதால், கடலோரத் திறந்தவெளியிலும் நிழலில் நிற்க முடிகிறது. என் குறையெல்லாம், அந்த நிழல் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான். கோடைப் பகலில் அடுத்த அருங்காட்சியகத்துக்கு நடந்து செல்ல யாரும் துணியமாட்டார்கள்.

மறுமொழி: தொழிலாளர் நலன் குறித்து எழுதுபவர்

கால அட்டவணையைப் பற்றிப் பேசும்போது, கட்டியவர்களை விட்டுவிட முடியாது. தெற்காசியத் தொழிலாளர்கள் முகவர் கட்டணத்துக்காகக் கடன்பட்டதையும், அவர்களின் கடவுச்சீட்டுகள் பறித்துவைக்கப்பட்டதையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2009 இல் ஆவணப்படுத்தியது. 2011 இல் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் குக்கன்ஹைமைப் புறக்கணிப்பதாக அறிவித்த பிறகே தொழிலாளர் நிலைமை குறித்த வெளித்தணிக்கை ஏற்பாடாயிற்று. ஒன்றாகக் கட்டினாலும் ஒவ்வொன்றாகக் கட்டினாலும், முகவர் கட்டணத்தைத் திட்டச் செலவிலேயே சேர்த்து, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே அதை நிபந்தனையாக்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு வரும் தணிக்கையாளரால் ஊரில் ஏற்கெனவே வாங்கிய கடனைத் தீர்க்க முடியாது.