நகராட்சிப் பகுதி சபையில் பங்கேற்க வழிகாட்டுதல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சென்னையிலிருந்து தென்மாவட்டத்திலுள்ள சிறிய நகராட்சி ஒன்றுக்கு அண்மையில் குடிபெயர்ந்திருக்கிறேன். வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றப் படிவம் 8 கொடுத்துவிட்டேன். ஊர் நிர்வாகத்தில் இயன்ற அளவு பங்கெடுக்க விரும்புகிறேன். தேர்தலில் நிற்கும் எண்ணம் இல்லை (தேநீர்க் கடையில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்).

ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடுவதும், அங்கே வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம் என்பதும் பலரும் அறிந்தவை. நகராட்சிகளுக்குக் கிராம சபை கிடையாது என்பதால், நகர்மன்ற உறுப்பினர் தலைமையிலான வார்டு குழுக்களும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் அமைய 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. ஆனால் எங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று அக்கம்பக்கத்தில் எவருக்கும் தெரியவில்லை.

முகவரி மாற்றம் முடியும் முன்பே பகுதி சபையில் கலந்துகொண்டு பேச இயலுமா? கூட்ட அறிவிப்பை மன்ற உறுப்பினரிடம் கேட்பதா, ஆணையர் அலுவலகத்தில் கேட்பதா? மன்றக் கூட்டத் தீர்மானங்களையும் வரவு செலவுத் திட்டத்தையும் பார்வையிட எவரை அணுக வேண்டும்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்யலாம் என்பதை அறிவேன். எனினும், புதிதாக வந்தவன் முதல் வேலையாக மனுவோடு போய் நின்றால் உறவு கசந்துவிடும் என்று எண்ணுவதால், நேரில் கேட்டுப் பெறும் வழியையே முதலில் நாடுகிறேன்.

சிறு நகராட்சிகளில் இவற்றில் கலந்துகொண்ட அனுபவமுள்ளவர்கள், குறிப்பாக வார்டு குழுக்களில் இடம்பெற்றவர்கள், நடைமுறையை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.