புற்றுநோய்ப் பயிற்சி பட்டத்துக்குள்ளா, பட்டத்துக்குப் பிறகா?

கீழ்வானம்:
அமெரிக்காவில் பெரியவர்களுக்கான புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனராக (நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதித் தரும் முதுநிலைச் செவிலியராக) பணியாற்ற விரும்பும் நம் செவிலியர்கள், புற்றுநோய்ப் பாடங்களை உள்ளடக்கிய முதுநிலைப் படிப்பைத் தேடிச் சேர வேண்டுமா, பொதுவான பட்டத்தை முடித்துவிட்டு வேலையில் கற்றுக்கொண்டால் போதுமா என்று கேட்டு வருகிறார்கள். அந்தப் பயிற்சி பட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கீமோதெரபி எடுக்கும் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை கொடுத்து, நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். 2011இல் இபிலிமுமாப் அனுமதி பெற்றதைத் தொடர்ந்து பரவிய இம்யூனோதெரபி மருந்துகளை (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்க வைப்பவை) எடுப்பவருக்கு வரும் வயிற்றுப்போக்கோ, உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். அங்கே லோபெரமைடு நோயை மறைக்கும். ஸ்டீராய்டு தொடங்கத் தாமதித்தால் குடலில் துளை விழும் நிலைக்கும் போகலாம். "களைப்பாக இருக்கிறது" என்று அவர் சொல்வதும் அப்படித்தான். அது புற்றுநோயின் களைப்பாகவும் இருக்கலாம், அதே எதிர்ப்பாற்றல் தாக்கி, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வீங்கிக் கார்டிசால் என்ற ஹார்மோன் வற்றிப்போனதாகவும் இருக்கலாம். இதை வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில், நோயாளியின் எதிரில் உட்கார்ந்துகொண்டு முதன்முதலாகக் கற்பது நியாயமில்லை.

நெய்தல்:
நீங்கள் சொன்ன ஆபத்து உண்மையானது, தம்பி. அதற்கான தீர்வு வேறு என்கிறேன். உயர்நிலைச் செவிலியர்களின் உரிமத்துக்காக 2008இல் வகுக்கப்பட்ட ஒருமித்த மாதிரியின்படி (கன்சென்சஸ் மாடல்), இங்கே உரிமம் நோயை வைத்து வழங்கப்படுவதில்லை. யாருக்குச் சிகிச்சை அளிக்கிறோம் என்பதை வைத்தே வழங்கப்படுகிறது. வயது வந்தோர் மற்றும் முதியோர், குழந்தைகள், குடும்பம் என்பவை அந்தப் பிரிவுகளில் சில. புற்றுநோய் அவற்றின் மேல் கட்டப்படும் சிறப்புத்துறை. அடித்தளத்தைச் சுருக்கி மேல்தளத்தை எழுப்பக் கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள்.

அமெரிக்காவில் புற்றுநோய் கண்டறியப்படுவோரின் இடைநிலை வயது 66ஐ ஒட்டியது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தளர்ந்த சிறுநீரகம் ஆகியவற்றில் ஒன்றாவது ஏற்கெனவே இருக்கிறது. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனே சர்க்கரையை ஏற்றிவிடும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இவற்றைக் கையாளக் கற்றுத் தருவது பொதுவான பட்டம்தான். அதன் பிறகு, எம்.டி. ஆண்டர்சன் போன்ற புற்றுநோய் மையங்கள் நடத்தி வந்துள்ள, பட்டத்துக்குப் பிந்தைய ஓராண்டு ஃபெலோஷிப் பயிற்சியில், இரத்தப் புற்றுநோய், மார்பகம், நுரையீரல் என்று பிரிவு பிரிவாகச் சுற்றி வரலாம். புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கான சிறப்புச் சான்றிதழான ஏ.ஓ.சி.என்.பி. தேர்வும் புற்றுநோய்ப் பிரிவில் நேரடியாகச் செலவிட்ட மணிநேரங்களைத்தான் கேட்கிறது.

கீழ்வானம்:
அக்கா, ஃபெலோஷிப் இடங்கள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பெரிய மையங்களில் சிலருக்குக் கிடைக்கிறது. மற்றவர்கள் சிறிய ஊர்களின் கிளினிக்குகளுக்குப் போய், சில வாரங்களிலேயே தனியாக நோயாளிகளைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பறையை விட்டால் வேறு பாதுகாப்பு இல்லை.

நான் தனி உரிமம் கேட்கவில்லை. வயது வந்தோர்–முதியோர் பட்டத்தோடு புற்றுநோய்ப் பாடங்களையும் இணைத்து டியூக் பல்கலைக்கழகம் கற்பித்து வந்திருப்பதைப் போன்ற ஏற்பாட்டைத்தான் கேட்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கென 2022இல் வந்த தேசியத் தர விதிகள், நோயாளிகளோடு செலவிட வேண்டிய குறைந்தபட்சப் பயிற்சியை 500 மணிநேரத்திலிருந்து 750 ஆக உயர்த்தின. கூடுதலான அந்த 250 மணிநேரத்தைப் புற்றுநோய்க் கிளினிக்கில் கழிக்கலாமே.

பாலாறு:
இருவரும் ஒரே வகை மாணவரை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் ஒன்பது ஆண்டுகள் கீமோ வார்டில் இருந்துவிட்டுப் படிக்கப் போனவள். வெள்ளணுக்கள் குறைந்தவருக்குக் காய்ச்சல் 38.3 டிகிரியைத் தொட்டால், இரத்த மாதிரி எடுத்து ஒரு மணிநேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்பது எனக்குக் கைவந்த பழக்கம். எனக்குக் குறைவாக இருந்தது இதய ஒலியைக் கேட்டுப் பிரித்தறிவதும், எந்த ஸ்கேனை எப்போது எழுதுவது என்பதும்தான். பொதுப்பட்டமே அதைத் தந்தது. ஆனால் என்னோடு படித்தவர்களில் புற்றுநோயாளியையே பார்த்திராதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழ்வானம் சொல்வது பொருந்தும்.

நெய்தல்:
பாலாறு சொன்ன வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். வார்டு அனுபவம் இல்லாதவர், சேரும் முன்பே கல்லூரியிடம் இரண்டைக் கேட்டறிய வேண்டும்: 750இல் எத்தனை மணிநேரம் புற்றுநோய்க் கிளினிக்கில் கழியும், அந்த இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா. கீழ்வானம் கேட்கும் 250 மணிநேரத்துக்கும் என் மறுப்பு இல்லை. ஆனால் முதியோர் பொதுமருத்துவத்துக்கு உரிய பழைய 500இல் ஒரு மணிநேரத்தைக் குறைத்தாலும் மறுப்பேன்.